பலகை வீட்டில் படி தாண்டிய விவரம்

பினாங்கு,
சனிக்கிழமை காலை.

அருமனை வீட்டுச் சம்பந்தி மயினி நாராயணவடிவு அவர்களுக்கு, தேரூர் தாணம்மாள் கடல் தாண்டி வந்த இடத்தில் இருந்து கும்பிட்டு எழுதுவது. இங்கே நானும் என் மகள் ஷிஜியும் சுகம். பேத்தி வைகா ரொம்ப ரொம்ப சுகம். அண்ணாச்சிக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது, மழை விட்டு ரப்பர் பால்வெட்டு தொடங்கியாயிற்றா, மாப்பிள்ளை தேவகுமார் நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா என்பதையெல்லாம் அறிய ஆவலாக இருக்கிறேன்.

போனில் பேசாமல் என்னத்துக்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் நீங்கள் ஸ்பீக்கரில் போடுவீர்கள் மயினி, குற்றமாகச் சொல்லவில்லை, உங்கள் வழக்கம் அது. அடுக்களையில் தேங்காய் துருவுகிறவள் முதல் மேல்வீட்டுக்காரி வரை கேட்பார்கள். இது நீங்கள் தனியாக உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் படிக்க வேண்டிய விஷயம். இங்கே வேலை பார்க்கிற நம் கோட்டாறு அல்போன்ஸ் இன்று மதியம் ஊருக்கு விமானம் ஏறுகிறார், அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். நாங்கள் வந்து சேரப் புதன்கிழமை ஆகும். அதற்கு முன் இது உங்கள் கையில் இருந்தால்தான் எனக்கு உறக்கம் வரும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் உங்கள் வீட்டு நிலவிளக்கின் முன்னால் நான் கொடுத்த வாக்கு எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. நீங்கள் சொன்னது இரண்டே விஷயம். "எட்டு மாசப் பிள்ளையக் கடல் தாண்டிக் கொண்டு போறிய. ஒரு தும்மல் வரப்பிடாது. பிள்ளை தவழப் போறா, மொதப் படி தாண்டுகது எனக்க வீட்டுப் படியாத்தான் இருக்கணும், நான் கொழுக்கட்டை அவிச்சு ஊருக்குக் குடுக்கணும். ரெண்டுல ஒண்ணு பிசகினாலும் அடுத்த மாசம் ஷிஜி வேலைக்குப் போகாண்டாம், பிள்ளையப் பாத்துக்கிட்டு வீட்டுல இருக்கட்டும்." நான் விளக்கைத் தொட்டுச் சரி என்றேன். அந்த இரண்டு விஷயத்திலும் நடந்தது நடந்தபடி எழுதுகிறேன். முழுவதும் படிக்காமல் நடுவில் அண்ணாச்சியைக் கூப்பிட வேண்டாம்.

முதலில் ஷிஜியை எதற்கு இங்கே கூப்பிட்டார்கள் என்று உங்களுக்குச் சரியாக யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இருபது நாட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆளுக்கொரு குட்டி எந்திரம் செய்து கொண்டுவருகிறார்கள். தரையில் முழங்கால் உயரத்துக்குப் பலகையால் ஒரு வீடு, நாலு அறை. வாசல் இருக்கிற இடத்தில் தரையில் ஒரு வெள்ளைக் கோடு. ஏதாவது ஒரு அறையில் மெழுகுவர்த்தி ஏற்றி வைப்பார்கள். தீப்பிடித்தால் அடிக்கிற மணிபோல "கீ" என்று ஒரு சத்தம் கொடுத்ததும் எந்திரம் தானாகக் கிளம்பி அறை அறையாகத் தேடிப் போய் அந்தத் தீயை அணைக்க வேண்டும். யாரும் தொடக்கூடாது. ஷிஜி காலேஜில் படிக்கும்போது இதில் பரிசு வாங்கினவள். அதனால்தான் எந்திரங்களைப் பரிசோதிக்கிற மேசையில் உதவிக்கு இருக்க வேண்டும் என்று கடிதம் போட்டு அழைத்தார்கள். திருவனந்தபுரத்தில் அவளோடு வேலை பார்க்கிறவர்களில் ஒருத்தருக்கும் அந்த அழைப்பு வரவில்லை. பால் குடிக்கிற குழந்தையை விட்டு வரமுடியாது, குழந்தையைப் பார்க்க நான் வந்தேன்.

விமானம் இறங்கிய இடத்திலேயே ஒரு சின்னச் சங்கடம். குழந்தைக்குக் கூழ் காய்ச்ச நீங்கள் பத்து நாள் வெயிலில் காயவைத்து இடித்துக் கொடுத்தீர்களே ஏத்தங்காய்ப் பொடி, நாலு பொட்டலம், அதைச் சோதனைக்காரர் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார், மோந்து பார்க்கிறார், இன்னொருத்தரைக் கூப்பிடுகிறார். ஷிஜி இங்கிலீஷில் விளக்கி விளக்கித் தொண்டை வறண்டு நிற்கிறாள். நான் பார்த்தேன், பொட்டலத்தைப் பிரித்து இரண்டு கரண்டி அப்படியே வாயில் போட்டு மென்று காட்டினேன். மேலண்ணத்தில் அப்பிக்கொண்டு விக்கலே வந்துவிட்டது. அந்த மனுஷன் சிரித்துக்கொண்டு தண்ணீர் கொடுத்தார். மரியாதைக்கு அவருக்கும் கொஞ்சம் கொடுத்தேன், அவரும் தின்றார், கூட நின்ற பெண்ணும் தின்றாள். இவ்வளவு பிரியமாகத் தின்கிறவர்களிடம் திரும்ப வாங்க மனசில்லாமல் இரண்டு பொட்டலம் அவர்களுக்கே கொடுத்துவிட்டேன். குழந்தை பட்டினி கிடக்கவில்லை. இங்கேயும் வாழைப்பழம் கிடைக்கிறது. நம் மட்டிப்பழம் மாதிரி இல்லை.

மறுநாள் போட்டி. என்னையும் குழந்தையையும் ஷிஜி மேலே பார்வையாளர் வரிசையில் உட்கார வைத்து, "அம்மா, நீ இஞ்சயே இரி. சத்தம் மட்டும் போடாத, கேட்டியா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அங்கே காவலுக்கு நின்ற பெண் தவமணி, நம் தமிழ்தான், தாத்தா காலத்தில் வந்து தங்கின குடும்பம். அவளும் சுவரில் இருந்த தாளைக் காட்டி, "அம்மா, இங்க சத்தம் போடக் கூடாதுலா" என்றாள். நான் சத்தம் போடுகிற ஆளா மயினி? நீங்களே சொல்லுங்கள், கல்யாண வீட்டில்கூட நான் ஒரு ஓரமாகத்தான் நிற்பேன்.

கீழே மங்கோலியாவில் இருந்து வந்த ஒரு பெண், இரட்டைச் சடை, பன்னிரண்டு வயசு இருக்கும். அவள் எந்திரம் முதல் தடவை சுவரில் முட்டி நின்றுவிட்டது. இரண்டாம் தடவை அறைக்குள் போய் மெழுகுவர்த்தியைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, அணைக்காமல் திரும்பிவிட்டது. அந்தப் பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். எனக்கு இங்கே உட்கார்ந்திருக்க முள்ளாகக் குத்துகிறது. மூன்றாம் தடவைதான் கடைசி. மணி அடித்தது, எந்திரம் கிளம்பியது, முதல் அறை இல்லை, இரண்டாம் அறை இல்லை, மூன்றாம் அறையில் நுழைந்து மெழுகுவர்த்தி முன்னால் நின்று ஒரு நிமிஷம் யோசித்தது, பிறகு உஃப் என்று ஊதி அணைத்துவிட்டது. மயினி, நான் என்ன செய்ய? ஒரு பெண்பிள்ளைக்கு நல்லது நடக்கிற நேரத்தில் நம் பக்கத்துப் பெண்ணுக்கு நாக்கு சும்மா இருக்குமா? குழந்தையை இடுப்பில் வைத்தபடி எழுந்து நின்று நாக்கைச் சுழற்றி ஒரு குரவை போட்டுவிட்டேன். நல்ல நீளமான குரவை.

என் குரவைக்கும் அவர்கள் மணிச் சத்தத்துக்கும் இப்படி ஒரு பொருத்தம் இருக்கும் என்று நான் கனவா கண்டேன்? ஷிஜியின் மேசையில் வரிசையாகக் காத்திருந்த எந்திரங்களில் ஏழு, தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து ஒரே நேரத்தில் கிளம்பிவிட்டன. ஒன்று மேசையில் இருந்து நேராகக் கீழே விழுந்தது. ஒன்று காற்றடித்து மார்க் போட்ட தாள்களையெல்லாம் பறக்கவிட்டது. ஒன்று சுற்றுமுற்றும் பார்த்து, நடுவர்களுக்குத் தேநீர் கொதித்துக்கொண்டிருந்த அடுப்பைக் கண்டுபிடித்து, தலைமை நடுவர் குனிந்து தேநீர் ஊற்றுகிற நேரம் பார்த்து அதன்மேல் தண்ணீர் பீய்ச்சிவிட்டது. அடுப்பும் நனைந்தது, அவர் வெள்ளைத்தாடியும் நனைந்தது. மண்டபம் முழுவதும் திரும்பி என்னைப் பார்க்கிறது. தவமணி ஓடிவந்து என் கையைப் பிடித்துவிட்டாள். கீழே இருந்து ஷிஜி பார்த்த பார்வை இருக்கிறதே, அவள் பிறந்ததில் இருந்து அப்படி ஒரு பார்வையை நான் வாங்கினதில்லை.

தலைமை நடுவர் எங்களைக் கூப்பிட்டார். போகிற வழியெல்லாம் ஷிஜி பல்லைக் கடித்துக்கொண்டு, "எனக்க மானத்த வாங்கிட்டியே. இனி என்னைய எவன் கூப்பிடுவான்? இத அருமனைல கேட்டா அடுத்த மாசம் எனக்க வேலையும் போச்சு" என்றாள். நான் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டு, "தப்பு எனக்கதாக்கும், பிள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க" என்றேன். அவர் தாடியைத் துடைத்துக்கொண்டே என்னவோ கேட்டார். ஷிஜி அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறாள்.

"என்னட்டி சொல்லுகாரு? போலீசுல குடுக்கப் போறாரா?"

"இல்லம்மா. இன்னொரு தடவ போடச் சொல்லுகாரு."

விஷயம் என்னவென்றால் மயினி, அவர்கள் சட்டப்படி எந்திரம் அந்த மணிச் சத்தத்துக்கு மட்டும்தான் கிளம்ப வேண்டுமாம். வேறு எந்தச் சத்தத்துக்குக் கிளம்பினாலும் அது பழுதுள்ள எந்திரமாம். இத்தனை வருஷம் கைதட்டியும் விசிலடித்தும் பரிசோதித்தார்களாம், ஒன்றுகூட ஏமாந்ததில்லையாம். என் குரவையில் ஏழு அகப்பட்டுவிட்டது. பிள்ளைகள் திருத்திக்கொள்ள ஒரு நாள் அவகாசம் கொடுத்தார்கள். அடுத்த நாள் முதல் ஷிஜியின் மேசையில் எனக்கும் ஒரு நாற்காலி. கழுத்தில் நாடா கட்டி, பெயர் எழுதின அட்டை. எந்திரம் வந்ததும் ஷிஜி அளவெடுப்பாள், எடை பார்ப்பாள், பிறகு என்னைப் பார்த்துத் தலையாட்டுவாள். நான் ஒரு குரவை போடுவேன். அசையாமல் நின்றால் தேறியது, அசைந்தால் திருப்பிக் கொண்டுபோக வேண்டியது. மொத்தம் முப்பத்தெட்டு எந்திரம். பயல்களும் பெண்களும் என் வாயைப் பார்த்து நடுங்கிக்கொண்டு நின்றதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இருபது எந்திரம் ஆனபோது தொண்டை கட்டிவிட்டது. கொண்டுவந்திருந்த சுக்குப் பொடியை வெந்நீரில் போடப் பிரித்தேன். அப்போது வைகா என் மடியில் இருந்தாள். ஒரே ஒரு தும்மல். நன்றாகக் கவனியுங்கள், அது சளித் தும்மல் இல்லை, சுக்குத் தும்மல். நானும் தும்மினேன், பக்கத்தில் நின்ற ஜப்பான்காரரும் தும்மினார். அதற்குப் பிறகு இன்றுவரை இல்லை. ஆகவே முதல் வாக்கு பிசகவில்லை.

இரண்டாம் வாக்குக்கு வருகிறேன்.

முப்பத்தோராவது எந்திரம். குழந்தையைப் பாயில் குப்புறப் போட்டிருந்தேன். நான் குரவை தொடங்கினதும் தரையில் வைத்திருந்த அந்த எந்திரம் ஏமாந்து கிளம்பி, ஒத்திகைக்குப் போட்டிருந்த பலகை வீட்டுக்குள் போகிறது. பச்சை விளக்கு மின்னிக்கொண்டு போகிற அதைப் பார்த்ததும், மயினி, இத்தனை நாள் வயிற்றால் நீந்திக்கொண்டு கிடந்த நம் பேத்தி முட்டுக்காலை ஊன்றினாள், கையை வைத்தாள், ஒன்று, இரண்டு, மூன்று என்று தவழ்ந்து அதன் பின்னாலேயே போய், வாசல் கோட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டாள். இருபது நாட்டுப் பிள்ளைகளும் கை தட்டுகிறார்கள். ஷிஜி அளவுகோலைக் கீழே போட்டுவிட்டு அழுகிறாள். நான் பாதிக் குரவையில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன். அப்புறம்தான் உங்கள் நிலவிளக்கு என் கண்ணுக்கு முன்னால் வந்தது.

ராத்திரி முழுக்க யோசித்துப் பார்த்தேன். அது படி இல்லை. படி என்றால் உயரம் வேண்டும், அது வெறும் கோடு. வீடு என்றால் கூரை வேண்டும், அதற்குக் கூரையும் இல்லை, சமையலும் இல்லை, ஆள் குடியிருப்பும் இல்லை. ஆகையால் வைகா இன்னும் படி தாண்டவில்லை என்றே நாம் வைத்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டுப் படி இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. புதன்கிழமை வந்ததும் தாண்ட வைப்போம், நீங்கள் கொழுக்கட்டை அவியுங்கள், நான் அரிசி மாவு இடிக்கிறேன்.

இது செல்லாது என்று உங்களுக்குத் தோன்றினால் தண்டனையை எனக்குத் தாருங்கள். வாக்குக் கொடுத்தது நான், குரவை போட்டது நான். இனி எந்தக் காலத்திலும் இப்படி ஒரு இடத்துக்கு வரமாட்டேன், வாயே திறக்கமாட்டேன், இதையும் சத்தியமாக எழுதித் தருகிறேன். ஷிஜியை மட்டும் ஒன்றாம் தேதி வேலைக்கு விடுங்கள். அஞ்சாம் வகுப்பு முடித்த வருஷம் எனக்குத் தம்பி பிறந்தான். அவனை இடுப்பில் வைத்திருக்க ஆள் இல்லை என்று என்னைப் பள்ளிக்கூடத்தில் இருந்து நிறுத்தினார்கள். இடுப்பில் பிள்ளையைத் தூக்க எனக்கு நன்றாகத் தெரியும் மயினி. அந்த வேலையை நான் பார்க்கிறேன், அவள் அவள் வேலையைப் பார்க்கட்டும். நேற்றுக் கடைசியில் எல்லாருக்கும் முன்னால் தலைமை நடுவர் ஷிஜியின் கையைக் குலுக்கினபோது உங்கள் குடும்பப் பெயரைச் சேர்த்துத்தான் வாசித்தார்கள், எங்கள் வீட்டுப் பெயரை இல்லை. அதையும் மனசில் வையுங்கள்.

அண்ணாச்சிக்கு என் கும்பிடு. மாப்பிள்ளைக்கு அன்பு. தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்லவும். உங்கள் முகம் வாடாமல் இருக்கச் சுசீந்திரத்தப்பனை வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி
தாணம்மாள்

பின்குறிப்பு: இதை ஒட்டப் போகிற நேரத்தில் உங்கள் போன் வந்தது. மூன்று நாளும் போட்டியை நேரடியாக ஒளிபரப்பினார்களாம், மாப்பிள்ளை உங்கள் வீட்டு டிவியில் போட்டுக் கொடுத்தாராம், தெரு முழுக்க உங்கள் வீட்டில்தான் இருந்ததாம், அங்கே நின்ற கேமராவெல்லாம் போட்டோவுக்கு என்று நான் நினைத்திருந்தேன். வைகா கோடு தாண்டின அன்றைக்கே கொழுக்கட்டை அவித்து எழுபது வீட்டுக்குக் கொடுத்தாயிற்றாம். "எனக்க பேத்தி வெளிநாட்டுலயாக்கும் படி தாண்டியிருக்கா" என்று நீங்கள் சொன்னதை ஷிஜியும் கேட்டாள், ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தேன். ஒன்றாம் தேதி அவள் போகட்டும், பிள்ளையை நீங்களே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறீர்கள். அது நடக்காது, அந்த வேலை எனக்கு என்று மேலே எழுதியாயிற்று, ஆளுக்குப் பாதி வாரம் வேண்டுமானால் பேசலாம். இனி வரமாட்டேன் என்று நான் எழுதின சத்தியத்தை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும். அடுத்த வருஷம் துருக்கியில் போட்டி, வரச்சொல்லிவிட்டார்கள், நான் சரி என்றுவிட்டேன். "மயினி, குரவை பாதியில அறுந்து போச்சே, நானாக்கும் போட்டிருந்தா அறுந்திருக்குமா" என்று கேட்டீர்கள் அல்லவா, பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்து வையுங்கள், வந்து போட்டுக் காட்டுங்கள். அல்போன்ஸ் வாசலில் நின்று அவசரப்படுத்துகிறார், திருப்பி எழுத நேரமில்லை. எல்லாம்தான் டிவியில் பார்த்துவிட்டீர்களே, இந்தக் கடிதத்தில் உங்களுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்று இப்போது ஒரு தடவை வாசித்துப் பார்த்தேன். ஏத்தங்காய்ப் பொடி விஷயம் ஒன்றுதான் இருக்கிறது. அந்தப் பத்தியைப் படிக்க வேண்டாம்.