சர்ஃபில் சிக்கிய புடவை

ஆறு பேர் தேவை என்றுதான் ஹேமலதா நோட்டீஸ் ஒட்டியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை அவளுடைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வாசலில் நாற்பது பேர் நின்றார்கள். அதில் முப்பத்தொன்பது பேர் கையில் ஆளுக்கொரு பட்டுப் புடவை இருந்தது. அத்தனையும் சாயம் போன புடவை.

"இது எதுக்குங்க?" என்று முன்னால் நின்ற ராஜம்மாளைக் கேட்டாள்.

"நீங்கதானே டீச்சர் நோட்டீஸ் போட்டீங்க? எம்பொண்ணு இதை சர்ஃபுல ஊற வச்சிட்டா. மயில் கழுத்துக் கலரு. இப்ப சாணிக் கலருல வந்து நிக்குது. இதுக்கு இனிமே லைஃபு வருமா?"

ஹேமலதா திரும்பிச் சுவரில் இருந்த தன் நோட்டீஸைப் பார்த்தாள். "சர்ஃப் லைஃப் சேவிங் சர்வீஸ். காணும் பொங்கல் அன்று பணியாற்ற ஆறு டியூட்டி ஆபீசர்கள் தேவை. சம்பளம் கிடையாது. உயிர் காப்பது நம் கடமை."

ஒரு பிழையும் இல்லை. ரப்பர் வைத்து அழிப்பதைக் கேவலமாக நினைப்பவள் அவள். ஓர் எழுத்து பிசகினாலும் தாளை உருவிப் போட்டுவிட்டு முதலிலிருந்து அடிப்பாள். பிசகு எழுத்தில் இல்லை, ஊரில் இருந்தது. ஆரணியில் சர்ஃப் என்றால் துணி துவைக்கிற தூள். பட்டுப் புடவையின் உயிர் போவதே அதனால்தான். அந்தத் தூளிடமிருந்து புடவையைக் காப்பாற்ற ஒரு சர்வீஸ், அதுவும் காசு வாங்காமல் என்றால், நெசவாளர் தெரு திரண்டு வராமல் என்ன செய்யும்?

"சர்ஃப்னா இங்கிலீஷ்ல அலைங்க. கடல் அலை."

"அலைக்கு எதுக்குங்க சோப்புத் தூள் பேரு வச்சாங்க?" என்று கேட்டான் ராஜம்மாளின் கணவன் சம்பந்தம். நியாயமான கேள்விதான்.

ஹேமலதா நடந்ததையே சொல்லிவிட்டாள். போன காணும் பொங்கலுக்கு, அதாவது இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம், ஆரணியிலிருந்து இரண்டு வேன் மகாபலிபுரம் போனது. ஹேமலதா தன் அரக்குப் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு கால் நனைக்க இறங்கினாள். ஓர் அலை வந்தது. அடுத்து அவள் கண் விழித்தபோது ஒரு கூடாரத்தில் கிடந்தாள்.

"யாரோ ஒரு மனுஷர் இழுத்துக்கினு வந்து போட்டிருக்காரு. நான் கண்ணைத் தொறந்தப்ப ஆளே இல்ல. அங்க இந்த சர்வீஸை கிரண்னு ஒரு தம்பிதான் பாக்கறாரு. யாருப்பா என்னைத் தூக்கினதுன்னு கேட்டா, 'எங்க ஆளுங்கள்ல யாரோதான் மேடம், அன்னிக்கு டியூட்டி ஆபீசர் இல்ல, இருந்திருந்தா ரிஜிஸ்டர்ல பேர் எழுதியிருப்பாங்க'ன்றாரு."

டியூட்டி ஆபீசர் நீந்த வேண்டாம். கரையில் உயரமாகக் கட்டிய பரணில் உட்கார்ந்து கடலையே பார்க்க வேண்டும். யாராவது தத்தளித்தால் விசில் ஊத வேண்டும். நீச்சல்காரர்கள் ஓடுவார்கள். காப்பாற்றியவர் பெயரை ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் பொங்கலுக்கு எல்லாத் தொண்டர்களும் சொந்த ஊருக்குப் போய்விடுகிறார்கள். இந்தத் தடவை ஆறு பேர் கிடைக்காவிட்டால் பரணையே திறப்பதில்லை என்று கிரண் சொல்லிவிட்டான். கண்டும் காணாமல் அத்தனை கூட்டத்தையும் கடலில் இறங்க விட வேண்டியதுதான். 'ஆறு பேர் என் பொறுப்பு' என்று ஹேமலதா வாக்குக் கொடுத்திருந்தாள். ஒரு வருஷமாக ஒரு நன்றியை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருப்பவளுக்கு வேறு வழி இல்லை.

கதையைக் கேட்டு எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். பிறகு புடவைகளை மடித்துக்கொண்டு கிளம்பினார்கள். மூலையில் நின்ற நாற்பதாவது ஆள் மட்டும் போகவில்லை. சடையப்பன். முப்பது வருஷமாகத் தறியில் உட்காருகிறவர். வெறுங்கையோடு வந்தவர் அவர் ஒருவர்தான்.

"அந்தப் புடவை இன்னாச்சு டீச்சரம்மா?"

"எந்தப் புடவைங்கண்ணா?"

"அன்னிக்குக் கட்டிகினு இருந்தது."

"முந்தானையில ஒரு சாண் கிழிஞ்சுடுச்சு. பாறையில மாட்டியிருக்கும். பீரோவுல கிடக்குது."

சடையப்பன் தரையைப் பார்த்தார். "சரி. என் பேரை எழுதிக்கோங்க" என்றார்.

உயிர் போய்த் திரும்பிய கதையைச் சொன்னால் புடவையை விசாரிக்கிறாரே மனுஷர் என்று ஹேமலதாவுக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் ஆறில் ஒன்று ஆயிற்று.

இரண்டாவது நோட்டீஸில் சர்ஃபைத் தூக்கிவிட்டாள். "டியூட்டி ஆபீசர்கள் தேவை" என்று கொட்டை எழுத்தில் போட்டாள். மறுநாளே பட்டுக்கடை மாணிக்கவேல் தன் மகன் விக்னேஷைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார்.

"ஆபீசர் போஸ்டிங்தானேம்மா?"

"சம்பளம் கிடையாதுங்க."

"சம்பளத்தை யாரு கேட்டா? களம்பூர்ல ரைஸ் மில்காரர் வீட்டுல பொண்ணு பாத்திருக்கோம். மாப்பிள்ளை ஆபீசரா இருக்கணும்ன்றாங்க. லெட்டர்பேடுல ஒண்ணு அடிச்சுக் குடுத்தீங்கன்னா ஜல்தியா முடிச்சுடுவேன்."

வார முடிவுக்குள் கல்யாண வயதில் பதினொரு ஆபீசர்கள் சேர்ந்துவிட்டார்கள். ஹேமலதா பூரித்துப்போய், வேலை கடற்கரையில் என்று அப்போதுதான் விளக்கினாள். அன்று சாயங்காலமே பதினொரு தாய்மார்களும் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியரிடம் போனார்கள். அந்த வாரம் ஆரணியில் மொத்தம் பதினொரு பேருக்குத் தண்ணியில் கண்டம் வந்தது.

விக்னேஷால் மட்டும் தப்பிக்க முடியவில்லை. 'விக்னேஷ் பி.காம்., டியூட்டி ஆபீசர்' என்று பத்திரிகை அடித்தாகிவிட்டது. மாப்பிள்ளை டியூட்டி பார்க்கிற அழகை நேரிலேயே வந்து பார்க்கிறோம் என்று களம்பூர்க்காரர்கள் வேறு சொல்லியனுப்பியிருந்தார்கள். "கண்டத்துக்குப் பரிகாரம் பண்ணிக்கலாம். பத்திரிகைக்கு இன்னா பண்றது?" என்றார் மாணிக்கவேல்.

ஆபீசர் என்ற வார்த்தையே வினை என்று மூன்றாவது நோட்டீஸில் அதையும் எடுத்துவிட்டாள். பயந்து ஓடாதபடி வேலையைப் பச்சையாகவே எழுதினாள்: "கடற்கரையில் உட்கார்ந்து, குளிப்பவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும் பணி."

காலையில் ஒட்டினாள். மத்தியானத்துக்குள் எண்பது ஆண்கள் பெயர் கொடுத்தார்கள். மறுநாள் எண்பது பெண்டாட்டிகள் வந்தார்கள்.

"எங்க வீட்டுக்காரரு கத்திரிக்கா வாங்கியானு சொன்னா முட்டி வலின்றாரு" என்றாள் ராஜம்மாள். "இதுக்கு மட்டும் விடியக்காலம் மூணு மணிக்கு எழுந்துக்குறாராம். யாரைப் பாக்கறதுக்கு டீச்சர்?"

"உயிர் காப்பாத்தறதுக்கு ராஜம்மா" என்றான் பின்னால் நின்ற சம்பந்தம்.

"வீட்டுக்கு வா, உன் உயிரை யாரு காப்பாத்தறான்னு பாக்கலாம்."

எழுபத்தொன்பது பெயர்களை ஹேமலதா கோடு போட்டு அடித்தாள். எண்பதாவதாக இருந்த சம்பந்தத்தின் பெயரை அடிக்கப் போகும்போது அவளுக்கு ஒரு யோசனை வந்தது. "ராஜம்மா, நீங்களும் சேர்ந்துடுங்களேன். அவரு கடலைப் பாக்கட்டும்."

ராஜம்மாள் யோசித்தாள். "சரி. நான் அவரைப் பாக்கறேன்."

சடையப்பனும் விக்னேஷும் இரண்டு, இவர்கள் இரண்டு, ஆக நாலு. ஐந்தாவதாக ஹேமலதா தன் கணவர் லோகநாதன் பெயரை அவரைக் கேட்காமலே எழுதினாள். ஆறாவது அவளே.

"எனக்கு வேன்ல வாந்தி வருமே ஹேமா" என்றார் லோகநாதன்.

"கவர் எடுத்து வச்சிருக்கேன்."

பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால் கிரண் ஆரணிக்கு வந்தான். மெலிந்த மெட்ராஸ் பையன். ஆறு பேரையும் இன்ஸ்டிடியூட் மொட்டை மாடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, கீழே சந்தைத் தெருவை ஒரு மணி நேரம் பார்க்கச் சொன்னான். திரும்பக் கூடாது, பேசக் கூடாது. கடலுக்குப் பதில் கடைத்தெரு.

பத்தாவது நிமிஷம் லோகநாதன் தூங்கினார். விக்னேஷ் சட்டை மடிப்பைச் சரிசெய்துகொண்டே இருந்தான். சம்பந்தம் தெருவைப் பார்த்தபோதெல்லாம் ராஜம்மாள் சம்பந்தத்தைப் பார்த்தாள். ஹேமலதா இந்த நான்கு பேரையும் பார்த்துப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். கிரணின் முகம் வாடிவிட்டது. "மேடம், பரணைப் பூட்டிடறதே நல்லதுன்னு தோணுது" என்றான் மெதுவாக.

அப்போது சடையப்பன் வாயைத் திறந்தார்.

"சந்துக்குள்ள நாலு பேர் போனாங்க. மூணு பேர்தான் திரும்பி வந்தாங்க. பச்சைச் சட்டைக்காரரு இன்னும் வரல."

கிரண் இறங்கிப் போய்ப் பார்த்தான். பச்சைச் சட்டைக்காரர் சந்தில் கடை வைத்திருந்தவரிடம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். கிரண் மூச்சு வாங்க மேலே ஏறி வந்தான்.

"எப்படி சார்?"

"நாலாயிரம் இழை ஓடுது தறியில. ஒண்ணு அறுந்தாலும் கண்ணுல படணும். படலன்னா அன்னிக்குப் பொழப்பு போச்சு" என்றார் சடையப்பன், ஏதோ குற்றம் செய்துவிட்டவர் போல.

பரண் திறப்பதென்று முடிவாயிற்று. ஹேமலதா அன்று லோகநாதனுக்குக் கூடக் கேசரி கிண்டிப் போட்டாள்.

காணும் பொங்கல் அன்று மகாபலிபுரத்தில் மணல் தெரியவில்லை, தலைதான் தெரிந்தது. லோகநாதன் செய்யாறு தாண்டுவதற்குள் இரண்டு கவர்களை நிரப்பிவிட்டு, பரணுக்குக் கீழே நிழலில் சுருண்டு கிடந்தார். விக்னேஷ் சீருடையில், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, களம்பூர் வேன் வருகிற ரோட்டைப் பார்த்து விறைப்பாக நின்றான். ராஜம்மாள் சம்பந்தத்தையே பார்க்க, சம்பந்தம் பயத்தில் தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான். ஹேமலதா ரிஜிஸ்டரில் கோடு போட்டு, 'காப்பாற்றியவர் பெயர்' என்ற கட்டத்தை மட்டும் மற்றதைவிட அகலமாக வரைந்தாள்.

ஆரணியின் ஆறு ஆபீசர்களில் கடலைப் பார்த்தவர் சடையப்பன் ஒருவர்தான். டீ வேண்டாம் என்றார். சோறு வேண்டாம் என்றார். கண் மட்டும் கூட்டத்தில் இடமிருந்து வலமும் வலமிருந்து இடமும் போய்ப் போய் வந்தது.

பதினொன்றரை மணிக்கு விசில் ஊதினார். ஊதிய வேகத்தில் விசிலே வாயிலிருந்து தெறித்துப் போனது.

"அரக்கு. அந்த அரக்கு போகுது, புடிங்க."

"அரக்கனா? எங்க சார்?" என்று கிரண் மிரண்டான். ஹேமலதாவுக்குப் புரிந்துவிட்டது. "அரக்குக் கலருப்பா, ஓடு" என்று அவனைப் பிடித்துத் தள்ளினாள். சடையப்பனின் விரல் காட்டிய திசையில் நீச்சல்காரர்கள் மூன்று பேர் பாய்ந்தார்கள். ஹேமலதாவுக்கு அங்கே தண்ணீரைத் தவிர எதுவும் தெரியவில்லை. போன வருஷம் தானும் இப்படித்தான் யார் கண்ணுக்கும் தெரியாமல் போயிருப்போம் என்று நினைத்துக்கொண்டாள்.

தூக்கி வந்தார்கள். தலைப் பொங்கலுக்கு வந்த புதுப்பெண், கூறைப் புடவையோடு கடலில் இறங்கியிருக்கிறாள். நனைந்த பட்டின் கனம் ஆளை உள்ளே இழுத்திருக்கிறது. உப்புத் தண்ணீரைக் கக்கினாள், இருமினாள், பிறகு பெரிதாக அழுதாள். அந்த அழுகையைப் போல இனிமையான சத்தத்தை ஹேமலதா அதுவரை கேட்டதில்லை. அவளும் சேர்ந்து அழுதாள். ரிஜிஸ்டரில் அகலமான கட்டத்தில் எழுதினாள்: சடையப்பன், ஆரணி.

நிமிர்ந்து பார்த்தால், சடையப்பன் அந்தப் பெண்ணின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, முந்தானை ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கரையும் உடம்பும் சேர்ற கோர்வை விட்டுடல. நல்ல தண்ணியில அலசி நெழல்ல காய வைம்மா. சர்ஃபு மட்டும் போட்டுடாத."

ஹேமலதாவுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவரைத் தனியாக அழைத்துப் போனாள்.

"ஒரு மாசமா தொண்டை வத்தச் சொல்லிகினு இருக்கேனே அண்ணா. நாம காப்பாத்த வந்தது ஆளை. புடவையை இல்ல."

"அம்மாந்தூரத்துல ஆளு எங்கம்மா தெரியுது? புடவைதான் தெரியுது."

"போன வருஷம் என்னைத் தூக்கினாரே, அந்தப் புண்ணியவான் இப்பிடியா பாத்திருப்பாரு? ஐயோ ஒரு உயிர் போகுதேன்னு பதறி ஓடியாந்திருப்பாரு. அவரு மட்டும் எதிர்ல வந்து நின்னா கால்ல விழுந்து கும்பிடுவேன் அண்ணா. உங்களுக்கு அதெல்லாம் எங்க புரியப்போகுது?"

சடையப்பன் இரண்டடி பின்னால் போய்க் காலை மணலுக்குள் மறைத்துக்கொண்டார்.

"கிழிச்சதுக்குக் கோச்சுக்காதீங்க டீச்சரம்மா. அது என் தறியில நெய்த புடவை, உப்புத் தண்ணியோட போகுதேன்னு முந்தானையைப் புடிச்சு இழுத்தேன். கரைக்கு வந்து பாத்தா உள்ள நீங்க இருந்தீங்க."