கீழே பார்க்காதீர்கள், மாமி

காளிகாட், கொல்கத்தா
ஞாயிறு மாலை

மகாராஜஸ்ரீ அத்திம்பேர் அவர்களுக்கு சுந்தரேசன் அனேக நமஸ்காரம். தாங்களும் அக்காவும் சௌக்கியமாக இருக்க பகவான் அருள வேண்டும். இங்கு நானும் சாவித்ரியும் ரஞ்சனாவும் சௌக்கியம். என் வலது கால் கட்டைவிரல் மட்டும் சௌக்கியமில்லை. காரணம் பின்னால் வருகிறது.

முதலில் தலைப்புச் செய்தி: ரஞ்சனாவின் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. தாங்கள் கொண்டு வந்த வரன் தீபக்கின் அம்மா ஜெயலக்ஷ்மி மாமி நேற்று தம் வாயாலேயே சொல்லிவிட்டார். நேற்றிரவுதான், பல நாளுக்குப் பிறகு, நான் குறட்டை விட்டதாகச் சாவித்ரி சொல்கிறாள்.

இனி விவரம். பிள்ளைக்கும் பெண்ணுக்கும் பிடித்துப்போய், மாமியின் சம்மதம் ஒன்றுதான் பாக்கி என்பது தங்களுக்குத் தெரியும். மாமி சென்னையிலிருந்து வந்தார். சாவித்ரி போட்ட பஜ்ஜியைச் சாப்பிட்டார். பிறகு, "பொண்ணு என்ன வேலை பண்றான்னு எனக்குப் புரியற மாதிரி யாரும் சொல்லலை. பழைய கட்டடத்தை ரிப்பேர் பண்றாளாமே, அதைக் காட்டுங்கோ" என்றார். ரஞ்சனா இப்போது பழுது பார்த்துக்கொண்டிருப்பது ஒரு தேவாலயம். ஹூக்ளி ஆற்றுக்கு அந்தப் பக்கம், வாழைத்தோட்டத்துக்கும் செங்கல் சூளைக்கும் நடுவில், இருநூறு வருஷத்துக்கு மேலாக நிற்கிறது. வாடகைக் காரில் கிளம்பினோம். வழியில் ஒரு சுடுகாடு வந்தது. மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எங்காத்துல இந்தப் பக்கத்துக் காத்து பட்டாலே தலைக்கு ஜலம் விட்டுப்போம்" என்றார். நான் தலையாட்டினேன்.

தேவாலய வாசலில் மாமி செருப்பைக் கழற்றினார், நாங்களும் கழற்றினோம். உள்ளே நல்ல குளுமை. இரண்டு பக்கமும் தடித்த வெள்ளைத் தூண்கள், பீடத்துக்கு மேலே வண்ணக் கண்ணாடி ஜன்னல், தரையில் வந்து விழும் சிவப்பும் நீலமும். மாமிக்குப் பரவசம். "சுவாமி எந்தப் பேர்ல இருந்தா என்ன" என்று சொல்லி, பீடத்துக்கு முன்னால் மண்டியிட்டு நெற்றி தரையில் படும்படி நமஸ்காரம் பண்ணினார். அப்போதுதான் அவர் நெற்றி பட்ட கல்லில் மங்கலாக எழுத்து இருப்பதைப் பார்த்தேன். ஓர் அவுரிச் சாய வியாபாரி அங்கே உறங்குகிறார். பக்கத்துக் கல்லில் அவர் மனைவி. அதற்கடுத்து ஒரு கப்பல் கேப்டன். நடைபாதை முழுக்கக் கல்லறை. அந்தக் காலத்தில் வசதியுள்ளவர்களைத் தேவாலயத்துக்குள்ளேயே புதைத்துவிடுவார்களாம்.

நாற்பது வருஷம் பத்திரிகையில் செய்தி எழுதியவன் நான். ஒரு செய்தியை அமுக்குவது எப்படி என்று நேற்றுத்தான் கற்றுக்கொண்டேன். "மாமி, மேலே பாருங்கோ, என்ன உத்தரம்!" என்றேன், மாமி பார்த்தார், "பர்மா தேக்கு" என்றேன், அதோ அந்த வளைவு, இதோ இந்த விதானம், அங்கே புறா, புறா பறந்துபோன இடத்தில் ஒரு ஜன்னல் என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே போனேன், சாவித்ரி என் கையைக் கிள்ளி "உங்களுக்கு என்னன்னா ஆச்சு?" என்றாள், "கீழே பார்க்காதே" என்று காதில் சொன்னேன், சொன்னால் பார்க்காமல் இருப்பாளா, பார்த்தாள், அதற்கப்புறம் அவளும் "ஆமாம் மாமி, மேலே பாருங்கோ!" என்று சேர்ந்துகொண்டாள். மூன்று பேரும் பட்டம் விடுகிறவர்கள் மாதிரி அண்ணாந்துகொண்டே நடந்தோம்.

காலையிலேயே அங்கே வேலைக்கு வந்துவிட்டிருந்த ரஞ்சனா எங்களைப் பார்த்து வந்தாள். "அப்பா, அது பர்மா தேக்கு இல்லை, சால் மரம். இங்கே தரைதான் விசேஷமே" என்று ஆரம்பித்தாள். நான் இருமினேன். அவள் தண்ணீர் கேட்டாள். வந்தது தண்ணீர்: தேவாலயக் காவலர் மது என்பவர் கொண்டுவந்தார், பெரிய இரும்பு வாளி நிறைய. எனக்குக் கொடுக்க அல்ல, கல்லில் ஊற்ற. அவருக்கு அந்தக் கல்லறைகள் என்றால் அவ்வளவு பெருமை. "ஆஷுன் மாஷிமா, வாருங்கள் அம்மா, வந்து பாருங்கள், ஈரம் பட்டால்தான் எழுத்து நன்றாகத் தெரியும்" என்று வங்காளத்தில் சொல்லிக்கொண்டே சாய்க்கப்போனார். நான் பாய்ந்து வாளியைப் பிடுங்கினேன். அது என் கட்டைவிரலில் விழுந்தது. தண்ணீர் நடைபாதை முழுக்க ஓட, கல்லுக்குக் கல் எழுத்து கறுப்பாக எழும்பி வந்தது. மாமியின் பாதத்துக்கு அருகே, செதுக்கிய ஒரு மண்டையோடும் குறுக்கே இரண்டு எலும்பும்.

மாமி முதலில் என்னைப் பார்த்தார். நான் உத்தரத்தைப் பார்த்தேன். பிறகு, "கொழந்தே, இதெல்லாம் என்னது?" என்று ரஞ்சனாவைக் கேட்டார். 'சொல்லாதேடி' என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவளா கேட்பாள்! "கல்லறை, மாமி. நீங்க நிக்கறது ஒரு கப்பல் கேப்டன் மேல. நமஸ்காரம் பண்ணினது ஒரு சாய வியாபாரிக்கு."

கல்யாணம் போயிற்று என்றே நினைத்தேன்.

"வியாபாரி ஆசீர்வாதம் பண்ணினாரோ இல்லையோ" என்றார் மாமி. "குளம் எங்கே இருக்கு?"

பின்பக்கம் படிக்கட்டோடு குளம் இருந்தது. மாமி முழுகினார்; துணைக்குச் சாவித்ரியும் முழுகினாள். மதுவின் மனைவி இரண்டு பேருக்கும் சிவப்புக் கரைப் புடவை கொடுத்தாள். ஈரத்தலையோடு டீயைக் குடித்தபடி மாமி சொன்னார்: "பொண்ணு கேட்டதுக்கு உள்ளதைச் சொன்னா. எனக்கு அது போதும். நீங்கதான் மேலே பாரு, மேலே பாருன்னு என் கழுத்தை ஒடிச்சுட்டேள்."

இன்று காலை விமானத்தில் மாமி ஊருக்குக் கிளம்பிவிட்டார். இனி சம்பந்தியிடம் எதையும் மறைப்பதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன். நிச்சயதார்த்தத்துக்குத் தாங்களும் அக்காவும் முன்னதாகவே வந்து நடத்திக்கொடுக்க வேண்டும். அக்காவுக்கு எங்கள் நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசிகள்.

தங்கள் விதேயன்
சுந்தரேசன்

பி.கு.: உறையை ஒட்டப்போகையில் பால்கனியில் ரஞ்சனா மாமியோடு போனில் பேசுவது காதில் விழுந்தது. பழைய கல்லறைத் தோட்டத்தில் மண் உள்வாங்கின இடத்தில்தான் அந்தக் குளத்தையே வெட்டினார்களாம்; மது இன்றைக்குத்தான் அவளிடம் சொன்னாராம். கதவோரம் ஒட்டிக்கொண்டேன். மாமியின் குரல் ஸ்பீக்கரில் கணீரென்று வந்தது: "போறது போ, ஆத்துக்கு வந்ததுமே தலைக்கு விட்டுண்டாச்சு. ஆனா இதை உங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதேடி. பாவம், மறுபடியும் மேலே பார்க்க ஆரம்பிச்சுடுவார்." சத்தம் போடாமல் உள்ளே வந்துவிட்டேன். இது எனக்குத் தெரியும் என்று தாங்கள் யாரிடமும், முக்கியமாக மாமியிடம், மூச்சுவிட வேண்டாம்.