சாயம் வெளுத்த வழக்கு

மூன்று சங்கங்களும் தமிழுக்குச் செய்யத் தவறிய ஒரு தொண்டை, ஒரகடத்தில் காருக்கு வைப்பர் தயாரிக்கும் எங்கள் தொழிற்சாலை செய்து முடித்தது. 'சாயம் வெளுத்துப் போச்சு' என்ற தொடருக்கு விசாரணைக் குழு வைத்துப் பொருள் கண்ட ஒரே நிறுவனம் எங்களுடையது. மனிதவளத் துறைத் துணை மேலாளர் என்ற முறையில் நானும் அந்தக் குழுவில் அமர்ந்திருந்தேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

எங்கள் முதலாளி கருணையுள்ளவர். நிரந்தரத் தொழிலாளி, காண்ட்ராக்ட் தொழிலாளி என்ற பேதம் அவர் மனத்தை உறுத்தியது. சம்பளத்தில் பேதத்தை நீக்கினால் தொழிலாளிகள் கெட்டுப்போவார்கள் என்பதால், சட்டையில் நீக்கினார். எல்லோருக்கும் நீலச் சட்டை. 'ஒரே நிறம், ஒரே குடும்பம்' என்று வாசலில் பேனர் கட்டினோம்.

நிரந்தரக்காரர்களின் சட்டை திருப்பூரிலிருந்து வந்தது. காண்ட்ராக்ட்காரர்களின் சட்டை முதலாளியின் மச்சானிடமிருந்து வந்தது. முதல் வேர்வையிலேயே காண்ட்ராக்ட்காரர்கள் அத்தனை பேரும் நீலகண்டர்கள் ஆனார்கள். இரண்டு முறை தோய்த்ததும் சட்டை வெளிறி, யார் எந்தக் 'குடும்பம்' என்பது கேட்டிலிருந்தே தெரிந்தது.

அந்த வாரக் காலைக் கூட்டத்தில் எங்கள் துறைத் தலைவர் ஹேமந்த், சமத்துவம் பற்றி உருக்கமாகப் பேசிவிட்டு, "யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். மண்ணூரிலிருந்து வரும் காவேரி கையைத் தூக்கினாள். காண்ட்ராக்டில் பல வருஷமாக இருப்பவள்.

"சாயம் வெளுத்துப் போச்சு சார்."

லைன் முழுக்கச் சிரித்தது. ஹேமந்த் சிரிக்கவில்லை. நிர்வாகத்தை இழிவுபடுத்தியதாகக் குற்றச்சாட்டு. விசாரணை முடியும்வரை உள்ளே வரக்கூடாது.

ஹேமந்த், நான், பாதுகாப்பு அதிகாரி மூவரும் குழு. தண்டலம் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து பேராசிரியர் இராமச்சந்திரன் 'மொழி வல்லுநராக' வந்தார்.

"துணித் தொழிலில் பிறந்த தொடர்," என்றார் பேராசிரியர். "சாயம் சரியாக ஏறாத துணி, தண்ணீர் பட்டதும் சுயரூபம் காட்டும். அதனால் வேஷம் கலைந்தவரைக் குறிக்கவும் வழங்குகிறது. துணியைச் சொன்னால் செய்தி. ஆளைச் சொன்னால் வசை."

"நீ எதைம்மா சொன்ன?" என்றார் ஹேமந்த்.

"சட்டையத்தான் சார். புள்ளையோட ஸ்கூல் சட்டையோட சேத்து ஊற வெச்சேன். வெள்ள சட்ட நீலமாயி, டீச்சர் அவன வெளிய நிக்க வெச்சுட்டாங்க."

வழக்கு முடிந்தது என்று நான் பேனாவை மூடினேன். அப்போது முதலாளியிடமிருந்து போன். எழுந்து நின்று கேட்ட ஹேமந்த், உட்காரும்போது வியர்த்திருந்தார். "சட்டைய யாரும் குறை சொல்லக் கூடாதாம். மச்சான் சாப்பிடாம இருக்காராம்."

சாட்சியமாக வைத்திருந்த காவேரியின் சட்டையைக் கைமாற்றிக் கைமாற்றித் தடவிப் பார்த்தோம். 'கையில் சாயம் ஒட்டவில்லை' என்று நீல விரல்களால் பாதுகாப்பு அதிகாரி எழுதினார்.

"நல்லா யோசிம்மா. சட்டை நல்லாத்தானே இருக்கு?" என்றார் ஹேமந்த்.

"அப்போ வேற இன்னா சார் வெளுத்துது?"

"அதை நீதான் சொல்லணும்."

"சட்டையச் சொன்னா?"

"வேலை போயிடும்."

"கம்பெனியச் சொன்னா?"

ஹேமந்த் போனில் கேட்டார். பதில் எங்களுக்கே கேட்டது: "கம்பெனிய எவனெவனோ திட்டுறான், அது பரவால்ல. என் பொண்டாட்டி தம்பிய ஒருத்தரும் பேசக் கூடாது."

காவேரி எங்கள் முகங்களைப் பார்த்தாள். பிறகு விரல்களைப் பார்த்தாள்.

"எழுதிக்கோங்க சார். சட்ட நல்லா கீது. கம்பெனியத்தான் சொன்னேன்."

அறையில் அப்படியொரு நிம்மதி. ஹேமந்த் அவளுக்குத் தன் கையாலேயே பிஸ்கட் கொடுத்தார்.

மறுநாள் காலை உத்தரவை எல்லா லைனுக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் நானே வாசித்தேன். "சட்டையின் சாயம் வெளுக்கவில்லை. வெளுத்தது நிர்வாகத்தின் சாயமே என்று குழு ஒருமனதாக முடிவு செய்கிறது. ஆகவே காவேரி குற்றமற்றவர்."

கைதட்டலில் இயந்திரச் சத்தமே கேட்கவில்லை. நிரந்தரக்காரர்களும் தட்டினார்கள். இத்தனை வருஷ சர்வீஸில் எத்தனையோ உத்தரவுகளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பாதியாவது உண்மை என்று தெரிந்தே போட்டது அது ஒன்றில்தான்.