முத்துப்பிரியா கல்லூரித் தேர்வுக் கமிட்டி

மனித குலம் இதுவரை எடுத்த முடிவுகளில் எது மிக நுட்பமானது என்று பிற்காலத்தில் யாராவது ஆராய்ந்தால், அவர்கள் போடிநாயக்கனூருக்கு வந்தே ஆக வேண்டும். இங்கேதான், கடந்த ஆடி மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த ‘மாபெரும் கல்வித் திருவிழா’வில், என் அண்ணன் மகள் முத்துப்பிரியா பயோமெடிக்கல் இஞ்சினியரிங் படிக்க வேண்டிய கல்லூரி தேர்ந்தெடுக்கப்பட்டது.

தேர்ந்தெடுத்தது எங்கள் கமிட்டி. தலைவர், பெண்ணின் அப்பா தங்கபாண்டி, ஏலக்காய் வியாபாரி. போக்குவரத்துத் துறை, தாய்மாமன் அமாவாசை, சொந்த ஜீப்பு வைத்திருப்பவர். செயலாளர், அடியேன். பெண்ணைக் கமிட்டியில் சேர்க்கவில்லை. படிக்கப் போகிறவளே தீர்ப்பும் சொன்னால் நடுநிலை என்னாவது?

இந்தப் படிப்பு எங்களுக்குப் புதிது. போன வருடம் குரங்கணிக்கு மேலே தோட்டத்தில் இருந்தபோது முத்துப்பிரியாவின் அம்மாவுக்கு, அதாவது என் மதினிக்கு, நெஞ்சுவலி வந்தது. பக்கத்து எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ஈசிஜி மிஷின் ரிப்பேராகிக் கிடந்தது. சரிசெய்ய கோயம்புத்தூரிலிருந்து ஆள் வர வேண்டுமாம். அமாவாசை ஜீப்பில் மலையிறக்கிக் கொண்டுவந்ததில் மதினி பிழைத்துக்கொண்டார். அன்று நாங்கள் எல்லோரும் ஜீப்பைப் பாராட்டிக்கொண்டிருந்தோம். முத்துப்பிரியா மட்டும், “அந்த மிஷின யாரு படிச்சு யாரு சரிபண்ணுவாங்க?” என்று கேட்டாள். கேட்டதோடு நிற்காமல் அதற்கென்று ஒரு படிப்பு இருப்பதைக் கண்டுபிடித்து, மார்க்கும் எடுத்து, கவுன்சலிங்கில் சென்னை அரசுக் கல்லூரி ஒன்றில் சீட்டும் வாங்கிவிட்டாள். திருவிழா நடந்த அன்று மாலை ஐந்து மணிக்குள் செல்போனில் ‘சம்மதம்’ கொடுத்தால் சீட்டு உறுதி. கொடுக்காவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும்.

கமிட்டி இதை வன்மையாகக் கண்டித்தது.

“நம்மளப் பத்தி ஒரு வார்த்தை விசாரிக்காம சீட்டுக் குடுத்திருக்கான் பாருங்க மச்சான். அது என்ன காலேஜு?” என்றார் அமாவாசை.

“அதானே மாப்ளே. ஒரு ஆளு வந்து நம்மகிட்டக் கெஞ்சல. ஒரு காலண்டரு தரல,” என்றார் தலைவர். பிறகு கவலையோடு, “அது இருக்கட்டும், இந்தப் படிப்புப் படிச்சா கல்யாணப் பத்திரிகையில டாக்டர்னு போடுறதா, இஞ்சினியர்னு போடுறதா?”

“முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு போட்ருவோம். பேரு நடுவுல கெடந்துட்டுப் போகுது.”

தேர்வு முறை விஞ்ஞானபூர்வமானது. ஏலக்காயை எப்படி எடுக்கிறோம்? சாம்பிளைத் தட்டில் கொட்டி நிறம் பார்க்கிறோம், பருமன் பார்க்கிறோம், எடை பார்க்கிறோம். அதே அளவுகோல்தான். கட்டடத்துப் பெயிண்ட், நிறம். நுழைவாயில் வளைவு, பருமன். எடைக்கு, கல்லூரி தரும் புத்தகத்தை அமாவாசை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்ப்பார். அரசுக் கல்லூரி அனுப்பியது ஒரே ஒரு குறுஞ்செய்தி. எடை பூஜ்யம்.

மண்டபத்தில் மூன்று கல்லூரிகளின் கடைகள் எங்களைக் கவர்ந்தன. ஒவ்வொன்றின் வாசலிலும் கோட்டும் டையும் அணிந்த ஓர் இளைஞர், ‘எங்கள் மாணவர்’ என்ற அட்டையோடு கைகூப்பி நின்றார். முதல் கடையில் நீல டை. இரண்டாவதில் சிவப்பு. மூன்றாவதில் பச்சை. தலைவர் கண் சும்மா இருக்குமா?

“தம்பி, ஒன்னைய அந்தக் கடையிலயும் பாத்தனே?”

இளைஞர் தலைகுனிந்தார். நிர்வாகி பால்ராஜ் ஓடிவந்தார். “மூணும் நம்ம டிரஸ்ட்டுதாங்கய்யா! நீங்க வர வரத் தம்பி பின்வழியா டையை மாத்திட்டு வந்துருவாப்ல.”

ஏலத்தில் ஒரே சாம்பிளை மூன்று மூட்டைக்குக் காட்டினால் என் அண்ணன் தட்டைத் தூக்கி எறிந்துவிட்டு வருவார். இங்கே அவர் முகம் மலர்ந்தது.

“பாத்தியா மாப்ளே! மூணு காலேஜுக்கும் ஒரே தரம்.”

நடுவில் ஒரு ஈசிஜி மிஷின் கண்ணாடித்தாள் பிரிக்காமல், சந்தனப் பொட்டோடு இருந்தது. “வாங்குனது வாங்குனபடி இருக்கு. இன்னைக்கு வரைக்கும் ஒரு மாணவர் கை வச்சதில்ல,” என்றார் பால்ராஜ் பெருமையுடன். அமாவாசை தன் ஜீப்பை நினைத்தோ என்னவோ, மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இந்த நேரத்தில் முத்துப்பிரியா அந்த இளைஞரிடம் பேச்சுக் கொடுத்தாள். அவர் பெயர் செழியன்.

“அண்ணே, நீங்க என்ன படிச்சீங்க?”

“பயோமெடிக்கல்தாம்மா. போன வருசமே முடிச்சிட்டேன்.”

“இப்ப எந்த ஆஸ்பத்திரியில இருக்கீங்க?”

“ஆஸ்பத்திரியா? காலேஜுலயே வேலைக்கு எடுத்துக்கிட்டாங்க. இதான் வேலை, நிக்கிறது.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஒனக்கு வேற எங்கயாச்சும் கெடச்சிருக்கா?”

“சென்னையில, கவர்மெண்டு.”

“அட கிறுக்குப்பிள்ள! அப்பறம் இங்க என்ன சோலி? வெரசாச் சம்மதம் குடுத்துரு. நாலு வருசத்துல நான் அந்தக் கண்ணாடித்தாளக்கூடத் தொட்டதில்ல.”

அவள் அங்கேயே தன் போனை எடுத்துத் தட்டினாள். உறுதிசெய்யும் எண், பதிவுசெய்திருந்த அப்பா போனுக்குப் போனது. தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

“அப்பா, அந்த நம்பரச் சொல்லுங்க. அஞ்சு மணி ஆகப்போகுது.”

“என்ன ஆத்தா சொல்ற? இந்த எண்ணை யாரிடமும் சொல்லாதேன்னு அவனே போட்டிருக்கான்.”

“அது எனக்குத்தாம்ப்பா வந்திருக்கு!”

“யாரிடமும்னா யாரிடமும்தான். மகளத் தவிரன்னு தனியா எழுதலயே. எத்தன பேரு இப்பிடிச் சொல்லி ஏமாந்து நிக்கிறான்.”

சொல்லிவிட்டுப் போனை வேட்டிக்குள் டவுசர் பைக்குள் இறக்கிவிட்டார். அந்தப் பைக்குள் போனதை எந்தத் திருடனும் எடுத்ததில்லை. இணையக் குற்றங்களுக்கு எதிராகப் போடியில் காட்டப்பட்ட இந்த விழிப்புணர்வைச் செயலாளர் என்ற முறையில் மனதாரப் பாராட்டினேன்.

“சித்தப்பா, நீங்களாச்சும் சொல்லுங்களேன்!” என்றாள் என்னிடம். தலைவர் முடிவில் செயலாளர் தலையிடுவது மரபல்ல.

இதற்கிடையே அமாவாசை தன் சமூகக் கடமையைச் செய்திருந்தார். செழியன் பேசியதைக் கேட்டுப் போய்ப் பால்ராஜிடம் ஒப்பித்துவிட்டார். பால்ராஜ் கோட்டைக் கழற்றச் சொன்னார், டையை அவிழ்க்கச் சொன்னார், டிரஸ்ட்டுச் சட்டையையும் கழற்றச் சொன்னார், வெளியே போகச் சொன்னார். செழியன் உள்ளே போட்டிருந்த பனியனோடு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார்.

“நீங்க செஞ்ச உதவிக்கு என்ன கைம்மாறு பண்றதுன்னு தெரியல,” என்றார் பால்ராஜ். “ஒண்ணு செய்றேன். இப்பக் காலியான வேலைய ஒங்க பொண்ணுக்குன்னே வச்சிடறேன். படிச்சு முடிக்கிற வரைக்கும் தற்காலிகமா யாரையாச்சும் நிறுத்திக்கிறோம்.”

கமிட்டி எழுந்து நின்று கைதட்டியது. சேருவதற்கு முன்பே வேலை! தேனி மாவட்டத்தில் வேறு எந்தப் பெற்றோர் சாதித்திருக்கிறார்கள்? தலைவர் அங்கேயே சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். அமாவாசை அந்தக் கோட்டை எடுத்து முத்துப்பிரியாவின் தோளில் வைத்து அளவு பார்த்தார்.

அவள் கோட்டைக் கீழே தள்ளவில்லை. அழவும் இல்லை.

“மாமா, நிக்கிறதுக்கு எதுக்கு நாலு வருசம் படிக்கணும்? கோட்டக் குடுத்தா இன்னைக்கே நின்னுர்றேனே. மறுபடி அம்மாவுக்கு நெஞ்சு வலிச்சா, யாரக் கூப்பிடுவீங்க?”

இந்தக் கேள்வி நிகழ்ச்சி நிரலில் இல்லாததால் கமிட்டி இதை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளவில்லை. நான் நன்றியுரை ஆற்ற எழுந்தேன். ஒருவரையும் விட்டுவிடாமல் நன்றி சொல்லி அமர்ந்தபோது மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. சென்னைச் சீட்டு, கமிட்டி வைத்துக்கொள்ள வசதியில்லாத ஏதோ ஒரு வீட்டுப் பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தது.