எறும்புக்குப் போன மகள்

அன்பின் மச்சான் பாலகணேஷுக்கு,

வெள்ளவத்தையில் நாங்கள் மூவரும் சுகம். மெல்பேர்ன் குளிரில் நீரும் பிள்ளைகளும் மூக்கு ஒழுகாமல் இருக்கக் கதிர்காமக் கந்தனை வேண்டுகிறேன். இதை வட்ஸ்அப்பில் அனுப்பினால் உம்முடைய தங்கச்சி வாசித்துவிடுவாள். அதனால் தாளில் எழுதி, நாளை மாலை அங்கே புறப்படும் பக்கத்துக் கடை நப்ரீஸிடம் கொடுத்துவிடுகிறேன்.

விசயம் என் மகள், உம்முடைய மருமகள் விசாலி. கெமிஸ்ட்ரி டிகிரியில் முதலாம் வகுப்பு. உமது சினேகிதப் பேராசிரியர் பிஎச்டிக்கு இடமும் ஸ்கொலர்ஷிப்பும் வைத்துக்கொண்டு மாத முடிவுவரை காத்திருக்கிறார். இவளோ வேறொரு யுனிவர்சிட்டிக்கு எறும்பு படிக்க விண்ணப்பித்திருக்கிறாள். ஓம் மச்சான், எறும்புதான். அதுகள் வாசத்தால கதைக்குதாம். பள்ளிக்கூடத்தில் ஏ.எல். சோதினைக்குக்கூட உயிரியல் எடுக்காதவள்!

பழகிப் பார்க்கிறேன் என்று குசினியில் சீனித்தண்ணி வைத்தாள், எறும்பு வராமல் மருந்துச் சோக்கால் கோடு கீறின தாயோடு சண்டை பிடித்தாள், அந்த எறும்பெல்லாம் கடை ஓடருக்கு மேசையில் வைத்திருந்த கூறைச்சேலைப் பெட்டிக்குள் குடியேற, நான் பார்க்காமல் கிருலப்பனையில் அந்தக் கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க, மாப்பிள்ளையின் தாய் சம்பந்தி வீட்டாருக்கு முன்னால சேலையை விரிக்க, "அருமைத்துரை அண்ணை, சேலை நடக்குது!" எண்டு மனிசி கத்தின கத்து இன்னும் காதுக்குள்ள கிடக்கு. வீட்ட வந்து ஏசினால் இவள் கேக்கிறாள், "வரிசையாவே அப்பா போனதுகள்?" எண்டு.

"கையில இருக்கிற லைனை விட்டுட்டு ஆர் பிள்ளை புது லைனுக்குப் போவினம்?" எண்டன்.

"நீங்கள் புறக்கோட்டையில வாளி வித்தனீங்கள். இப்ப சேலை விக்கிறீங்கள். உங்களை ஆர் இன்டர்வியூ செய்தது?"

"வாளி வாங்கின அம்மாமார்தான் சேலையும் வாங்கினவை."

"எறும்பின்ர வாசமும் கெமிஸ்ட்ரிதான் அப்பா."

பேரத்தில நான் தோத்தது அண்டைக்குத்தான்.

நாளைக்கு அந்த எறும்புப் படிப்புக்கு ஒன்லைனில் இன்டர்வியூ. முடிவு எதுவானாலும் நீர் கூப்பிட்டு, இருக்கிற இடத்தை விடாதே எண்டு கண்டிப்பாய்ச் சொல்லும். தாய்மாமன் சொன்னால் கேட்பாள். ரெண்டு இடமும் இல்லாமல் நிண்டால் பிள்ளை தாங்கமாட்டாள். நானும்தான்.

எல்லாருக்கும் கந்தன் துணை நிற்கட்டும்.

அன்பு மச்சான்,
அருமைத்துரை

பி.கு: இன்டர்வியூ முடிந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் புதுக் கட்டடத்துக்கு நிலத்தில் தூண் இறக்கிப் பைலிங் அடிக்கிறார்கள், ஒரே சத்தம். அதனால் கடை மேல்மாடியில் லப்டொப்போடு இருத்தினோம். நான் படியில் நின்றேன். உயிரியல் தெரியாமல் எப்படிச் சமாளிப்பீர் எண்டு பேராசிரியை கேட்டா. முதல் வருசப் பிள்ளையளோட ஒரே வகுப்பு வாங்கில இருந்து படிப்பன் எண்டு இவள் கொஞ்சமும் வெக்கப்படாமல் சொன்னாள். அந்த நேரம் பார்த்துக் காலி வீதி பஸ்காரன் ஹோர்ன் அடிக்க, அந்த மனிசி கேக்கேல்லை எண்ட, பிள்ளை சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியதாய்ப் போச்சு. நான் கீழ ஓடிவந்து கடை ஷட்டரை இழுத்து விட்டன். கல்யாண சீசன், கடை நிறையச் சனம்.

"என்னண்ணை, ஊரடங்கே?" எண்டு ஒரு அம்மா கேட்டா.

"உஷ்... மகள் எறும்பைப் பற்றிக் கதைக்கிறா."

அவ்வளவு பேரும் சேலையை மடியில வைச்சபடி சத்தமில்லாமல் இருந்தினம், மச்சான்.

நப்ரீஸ் வாசலில் நிற்கிறார், வேறு தாள் எடுக்க நேரமில்லை. இருக்கிற இடத்தை விடாதே எண்டு மேலே எழுதின எதையும் அவளுக்குச் சொல்லாதேயும். அந்த இடம் வேண்டாம் எண்டு அவள் எழுதினால் கோவிக்க வேண்டாமெண்டு உமது சினேகிதருக்குச் சொல்லும். கடை பூட்டினது ஸ்டொக் எடுக்க எண்டு விசாலிக்குச் சொல்லியிருக்கிறன். நீரும் அப்பிடியே சொல்லும்.