குளவி சொன்ன பனி

பனிமலை ஊர்களில் மட்டும் விளைகிற ஒரு மனித இனம் உண்டு: பனி ஆரூடக்காரர். வானிலை நிலையத்தார் நாலு நாளைக்கு மேல் வாய் திறக்கத் தயங்குவார்கள். இவரோ அக்டோபரிலேயே ஈஸ்டர் வரைக்கும் நாள் நட்சத்திரத்தோடு சொல்லிவிடுவார். எதை வைத்து? எறும்புப் புற்றின் உயரம், வெங்காயத் தோலின் கனம், பசு எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறது என்பது, எல்லாவற்றுக்கும் மேலாகத் தமது இடது முழங்கால். முழங்கால் பொய் சொல்லாது. பனி வந்தால் "நான்தான் சொன்னேனே" என்பார். வராவிட்டால் "வரும், எங்கே போகும்" என்பார். இந்த இரண்டு வாக்கியங்களை வைத்துக்கொண்டு ஒருவர் எழுபது வயது வரை கௌரவமாக வாழ்ந்துவிடலாம் என்றால் நம்புவீர்களா?

நம்பாவிட்டால் ஆஸ்திரியாவின் டிரோல் மலையில், அப்படியொரு ஆரூடக்காரரான கொர்பினியனின் மருமகள் அஃப்ராவைக் கேளுங்கள். ஊரின் ஒரே பனிச்சறுக்குச் சரிவையும், சறுக்குகிறவர்களை மேலே இழுக்கும் கம்பியையும் நடத்துகிறவள் அவள். இரண்டு குளிர்காலம் பனி ஏமாற்றிவிட்டது. இந்த முறை டிசம்பர் எட்டு, மாதா திருநாளன்று, சரிவு திறக்காவிட்டால் நகரத்துப் பள்ளிப் பிள்ளைகள் பக்கத்துப் பள்ளத்தாக்குக்குப் போய்விடுவார்கள். அப்படிப் போனால் கம்பியைக் கழற்றிவிடலாம் என்று ஊர்ச்சபை தீர்மானமே போட்டுவிட்டது.

நவம்பர் கடைசியில் மூன்று நாள் வறண்ட கடுங்குளிர், அப்புறம் வெப்பக்காற்று என்று வானொலி சொன்னது. குளிரில் மட்டுமே ஓடும் செயற்கைப் பனி மெஷினுக்கு அந்த மூன்று நாளைவிட நல்ல வேளை ஏது? மாமனார் மறித்தார். இந்த வருடம் குளவி உயரே கூரை விளிம்பில் கூடு கட்டியிருக்கிறது, ஆகவே ஆள் உயரப் பனி நிச்சயம், மெஷினைத் தொடுவது குளவியை அவமதிப்பது என்று, ரொட்டி உருண்டையை முள்கரண்டியில் தூக்கிப் பிடித்தபடி தீர்ப்புச் சொன்னார். குளவி வழக்கமாகக் கட்டும் கீழ்ப்பலகைக்கு வசந்தத்தில் அஃப்ரா வார்னிஷ் அடித்திருந்தாள். அது குளவிக்குத் தெரியும், மேலே போய்விட்டது. மாமனாருக்கு எப்படித் தெரியும்? அவர் அன்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரலைன்னா, மாமா?"

"வரும்மா. எங்க போயிடும்?"

நல்லவேளை, அந்த மூன்று நாளும் மலைக்கு அப்பால் ஆரூடக்காரர்களின் வருடாந்திர மாநாடு. ஆளாளுக்குத் தம் கணிப்பைப் படித்து, போன வருடம் தப்பியதை ஒருவருக்கொருவர் மன்னித்து, பழச்சாராயம் குடிக்கிற வைபவம். இறகுத் தொப்பியோடு கொர்பினியன் ஏறிய பஸ் வளைவில் மறைந்ததுமே அஃப்ரா மெஷினை முடுக்கினாள். மூன்று நாள் காதடைக்க அது பீய்ச்சித் தள்ளியது. அவள் இமைகூட வெள்ளையாகிவிட்டது.

டிசம்பர் எட்டு. வெப்பக்காற்றில் மலையெல்லாம் புல்லாகக் கிடக்க, நடுவில் ஒரே ஒரு வெள்ளைப் பட்டை. அதில் நகரத்துப் பிள்ளைகள் கூச்சலோடு சறுக்கினார்கள். அடிவாரத்தில் பள்ளி ஆசிரியை கொர்பினியனின் கையைப் பிடித்துக் குலுக்க, அவர் குளவியின் குணநலன்களை விவரித்துக்கொண்டிருந்தார். அஃப்ராவுக்குப் பொறுக்கவில்லை.

"ரெண்டு பக்கமும் பாருங்க மாமா, வெறும் புல்லு. நம்ம சரிவுல மட்டும் எப்படி விழுந்துச்சாம்?"

அவர் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை.

"குளவி நம்ம வீட்டுலதானேம்மா கூடு கட்டுச்சு?"

ஆசிரியை அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். கம்பி பிழைத்தது. அஃப்ரா அடுத்த வசந்தத்தில் மறக்காமல் கூரை விளிம்புக்கும் வார்னிஷ் அடித்தாள்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். காலையில் வீட்டிலுள்ளவர்கள் நீட்டிய குடையை, "இன்னைக்கு மழை வராது" என்று ஒதுக்கிவிட்டுக் கிளம்பினீர்களே, அதை யார் சொன்னது? இருக்கட்டும். முழங்கால் சௌக்கியம்தானே?