ஓசி டிக்கெட்டுக்கு அறுநூற்று நாற்பது கடலை

ஒரு காட்டில், சிங்கம் ஒன்று வைத்துக்கொள்ளக்கூட வசதியில்லாத சின்னக் காட்டில், நல்லசிவம் என்று ஒரு முயல் இருந்தது. நல்ல முயல்தான். வம்பு தும்புக்குப் போகாது. ஒரே ஒரு பழக்கம்: இறகு சேர்க்கும்.

அந்தக் காட்டிலிருந்து வெளியூர் போகிறவர்களைப் பூநாரைகள் தூக்கிக்கொண்டு போகும். நாலு பூநாரை சேர்ந்து ஒரு வலையின் நாலு மூலையைக் கவ்விக்கொள்ளும். நடுவில் பயணி உட்கார்ந்துகொள்ள வேண்டியது. கூலி நிலக்கடலை. ஒவ்வொரு பயணத்துக்கும் பூநாரைக் கம்பெனி இரண்டு ரோஸ் இறகை இனாமாகக் கொடுக்கும். ஐந்நூறு இறகு சேர்ந்துவிட்டால் கடல் தாண்டிப் போக ஒரு டிக்கெட் இலவசம். இப்படிப் பெரிதாக எழுதிப் பூவரச மரத்தில் பலகை மாட்டியிருந்தார்கள். பலகையின் அடியில் பொடி எழுத்தில் இன்னும் ஏதோ எழுதியிருந்தது. அதை எறும்புகள் மட்டும் படித்தன. எறும்புகள் அந்தக் கம்பெனியில் பறப்பதே இல்லை.

நல்லசிவத்துக்கு அந்த வெறி பிடித்து ஏழு வருஷம். வளையிலிருந்து குளத்துக்குப் பதினேழே தாவு. நல்லசிவம் தாவாது. முப்பது கடலை கொடுத்துப் பறந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, முப்பது கடலை கொடுத்துப் பறந்து வரும். கம்பெனிக்கு வேண்டப்பட்ட அணில் கடையில் சாமான் வாங்கினால் அதற்கும் ஒரு இறகு என்று ஒரு கோடைகாலத்தில் சொன்னார்கள். நல்லசிவம் மூன்று குடை வாங்கியது. மண்ணுக்கு அடியில் குடியிருக்கிற பிராணிக்குக் குடை எதற்கு என்று யாராவது கேட்டால், "குடை எனக்கெதுக்குய்யா, இறகுக்காக வாங்கினது" என்று பொறுமையாக விளக்கும்.

அதன் தங்கச்சி வடிவு, கல்யாணமாகிக் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு தீவில் இருந்தது. ஒரே பிரசவத்தில் ஆறு குட்டி. ஆறுக்கும் காது குத்த வேண்டும். மற்ற இனங்களில் காதுகுத்து ஒரு விசேஷம், அவ்வளவுதான். முயல்களுக்குக் காதுதான் குலப்பெருமை. தாய்மாமன் தோடு கொண்டுவந்து, குட்டியைத் தன் மடியில் உட்கார்த்திக் குத்தினால்தான் அது காது. இல்லாவிட்டால் வெறும் ஓட்டை.

வடிவு ஒரு கடற்காகத்திடம் சொல்லி அனுப்பியது.

"அண்ணே, ஆவணி கடைசி வெள்ளிக்கிழமை வச்சிருக்கோம். கல்யாணத்துக்கு அப்புறம் உங்க அண்ணன் எட்டிக்கூடப் பார்க்கலையேன்னு இங்க மாமியார் வீட்டுல தினம் ஒரு பேச்சு. நீ வந்து மடியில உக்கார வச்சாத்தான் நான் இந்த வீட்டுல நிமிர்ந்து நடக்க முடியும். இந்தத் தடவையும் வரலைன்னா, எனக்கு அண்ணன் இருக்கான்னு இனிமே யார்கிட்டயும் சொல்லிக்க மாட்டேன்."

நல்லசிவம் இறகு மூட்டையை அவிழ்த்து எண்ணியது. சரியாக ஐந்நூறு. அதற்குக் கண் கலங்கிவிட்டது; தங்கச்சியை நினைத்தா, எண்ணிக்கையை நினைத்தா என்று அதற்கே தெரியவில்லை.

குன்றிமணிகளைப் பொறுக்கி, தன் பல்லாலேயே துளை போட்டு, ஆறு ஜோடித் தோடு செய்தது. காதுகுத்து விருந்துச் செலவுக்கு என்று அறுநூற்று இருபது கடலையை ஒரு பையில் கட்டிக்கொண்டு, செவ்வாய்க்கிழமை காலையில் பூநாரைக் கம்பெனி கவுன்ட்டருக்குப் போனது.

அங்கே இரண்டு வரிசை. ஒன்று சாதாரண வரிசை. இன்னொன்று, நூறு இறகுக்கு மேல் சேர்த்த வெள்ளி உறுப்பினர்களுக்கான தனி வரிசை. காட்டில் எல்லோரும் வெள்ளி உறுப்பினர்கள் ஆகிவிட்டதால் தனி வரிசை ஓடைவரை நீண்டிருந்தது. சாதாரண வரிசையில் அய்யாக்கண்ணு என்கிற பெருச்சாளி மட்டும் நின்றது. அது வெங்காய வியாபாரி. அதே தீவுக்குச் சரக்கு விலை பேசப் போய்க்கொண்டிருந்தது. கவுன்ட்டரில் ஸ்டெல்லா என்கிற மைனா.

"நல்லசிவண்ணே, இங்கிட்டு வாங்க. ஆளே இல்லை," என்றது அய்யாக்கண்ணு.

"அது எப்படித் தம்பி? நான் வெள்ளி," என்றது நல்லசிவம். நின்றது. மதியம்தான் அதன் முறை வந்தது. அதற்குள் அய்யாக்கண்ணு டிக்கெட் வாங்கி, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுவிட்டு வந்து அங்கேயே ஒரு வேரில் சாய்ந்திருந்தது.

ஸ்டெல்லா இறகுகளை எண்ணியது. "ஐந்நூறு சரியா இருக்கு சார். வாழ்த்துகள். உங்க டிக்கெட் விலை பூஜ்யம்."

நல்லசிவம் திரும்பி வரிசை முழுவதையும் ஒரு பார்வை பார்த்தது.

"காத்துக் கட்டணம் மட்டும் முந்நூத்தி எம்பது கடலை," என்றது ஸ்டெல்லா.

"என்ன கட்டணம்மா?"

"எதிர்க்காத்து அடிச்சா பறவைங்க கஷ்டப்படுமில்ல சார்."

"பின்காத்து அடிச்சா?"

"அப்ப வேகமாப் போயிடும். நிறுத்துறது கஷ்டம்."

"காத்தே அடிக்கலைன்னா?"

"காத்தே இல்லைன்னா யாரால சார் பறக்க முடியும்?"

நல்லசிவத்துக்கு இதில் எங்கேயோ ஓட்டை இருப்பதாகப் பட்டது. கண்டுபிடிப்பதற்குள் ஸ்டெல்லா அடுத்த வரிக்குப் போய்விட்டது.

"ஏறுற மரத்துக்கு வரி அறுபது. இறங்குற மரத்துக்குத் தொண்ணூறு, அது வெளிநாட்டு மரம். கழுகு உங்களைத் தடவிப் பார்த்துச் சோதனை போடும், அதுக்கு நாப்பத்தஞ்சு. இறகு எண்ணுற கட்டணம் நாப்பது."

"எண்ணினது நீதானேம்மா. நான் வீட்டுலயே எண்ணிட்டேன்."

"நீங்க எண்ணினதுக்கு நாங்க எதுவும் வாங்கலை சார். கவுன்ட்டருக்கு நேர்ல வந்ததுக்கு இருபத்தஞ்சு."

"வராம எப்படிம்மா டிக்கெட் போடறது?"

"கிளிகிட்டச் சொல்லி விட்டிருக்கலாம். கிளிக்கு முப்பத்தஞ்சு."

"எப்படி வந்தா ஒண்ணும் கிடையாது?"

"வராம இருந்தா சார்."

வேரில் சாய்ந்திருந்த அய்யாக்கண்ணுவுக்குப் புரையேறியது.

ஸ்டெல்லா கழுத்தை நீட்டி நல்லசிவத்தை அளந்தது. "அப்புறம் சார், காது. வலைக்கு மேல ஒரு சாண் நீட்டிக்கிட்டு இருக்கு. அது தனிச் சுமை, அம்பது."

"மடிச்சு வச்சுக்கிட்டா?"

ஸ்டெல்லா விதியைப் புரட்டிப் பார்த்தது. "மடிக்கலாம். ஆனா இறங்குற வரைக்கும் நிமிர்த்தக் கூடாது."

நல்லசிவம் இரண்டு காதையும் மடித்து முதுகில் ஒட்டிக்கொண்டது. ஐம்பது கடலை மிச்சம். கம்பெனியையே ஏமாற்றிவிட்ட மாதிரி அதற்கு ஒரு தெம்பு வந்தது.

"ஆகமொத்தம் அறுநூத்தி நாப்பது," என்றது ஸ்டெல்லா.

பையில் இருந்தது அறுநூற்று இருபது. நல்லசிவம் பையை ஒரு தடவை உதறிப் பார்த்தது. "சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேம்மா. இறகே இல்லாம, காசு கொடுத்து வாங்கினா டிக்கெட் என்ன விலை?"

"அறுநூத்திப் பத்து. எல்லாக் கட்டணமும் அதுலயே அடங்கிடும்."

"அப்ப இறகு?"

"அது உங்ககிட்டயே இருக்கும். மேல ரெண்டு இறகு நாங்க தருவோம்." ஸ்டெல்லா குரலைத் தாழ்த்தியது. "ஆனா இந்த ஐந்நூறும் ஆவணியோட காலாவதி சார்."

அய்யாக்கண்ணு எழுந்து வந்தது. தனக்குக் கிடைத்த இரண்டு இறகில் ஒன்றால் காது குடைந்துகொண்டே கேட்டது: "இதுல யோசிக்க என்னண்ணே இருக்கு? அறுநூத்திப் பத்தைக் கொடுத்துட்டு என்கூட ஏறுங்க. பத்து கடலை மிச்சம், தோடும் கையில இருக்கு. போனமா, மடியில வச்சமா, காதைக் குத்தினமான்னு வரலாம்."

"தம்பி, ஏழு வருஷம்," என்றது நல்லசிவம்.

"அது போச்சுண்ணே."

"மூணு குடை வாங்கியிருக்கேன்."

"அதுவும் போச்சு."

"ஐந்நூறு இறகை வச்சுக்கிட்டுக் காசு கொடுத்து டிக்கெட் வாங்கினா, இந்த வரிசையில நிக்கறவன் என்னை என்ன நினைப்பான்?"

அய்யாக்கண்ணு வரிசையைத் திரும்பிப் பார்த்தது. ஓடைவரை எல்லோரும் மூட்டையோடு, ரொம்ப அக்கறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "சரி, உங்க இஷ்டம்," என்றது.

நல்லசிவம் தோட்டுப் பொட்டலத்தை எடுத்தது. "தம்பி, இது ஆறு ஜோடி. இருபது கடலை கொடுப்பியா?"

"அண்ணே, இது பிள்ளைங்க காதுக்குச் செஞ்சது."

"தோடு எங்க வேணும்னாலும் கிடைக்கும். இறகு கிடைக்குமா?"

அய்யாக்கண்ணு வியாபாரி. வியாபாரிக்கு ஓர் அளவுக்கு மேல் புத்தி சொல்லத் தெரியாது. இருபது கடலையை எண்ணிக் கொடுத்தது.

ஸ்டெல்லா டிக்கெட்டை நீட்டி, "இலவச டிக்கெட் நேராப் போகாது சார். மூணு தீவு மாறிப் போகும். வெள்ளிக்கிழமை சேர்ந்துடலாம்," என்றது. அய்யாக்கண்ணுவின் வலை அன்றைக்குச் சாயங்காலமே நேராகப் புறப்பட்டுவிட்டது.

முதல் தீவில் மழை. இரண்டாவது தீவில் பூநாரைகள் மாற நாள் முழுக்கக் காத்திருப்பு. மூன்றாவது தீவில், உட்கார்ந்திருந்த பாறைக்கு வாடகை கேட்டார்கள். நல்லசிவம் நின்றுகொண்டே தூங்கியது. காதை மட்டும் நிமிர்த்தவேயில்லை.

வெள்ளிக்கிழமை வடிவின் வீட்டுக்கு ஓடிப் போய்ச் சேர்ந்தபோது ஐந்தாவது குட்டிக்குக் குத்திக்கொண்டிருந்தார்கள். மரங்கொத்திப் பத்தர் அலகைத் துடைத்தபடி, "அடுத்த பிள்ளையை மாமன் மடியில வைங்க," என்றது. மனைப் பலகையில் புது வேட்டி கட்டிக்கொண்டு அய்யாக்கண்ணு உட்கார்ந்திருந்தது. ஆறாவது குட்டி அதன் தொந்தியில் சாய்ந்திருந்தது.

நல்லசிவத்தைப் பார்த்ததும் அய்யாக்கண்ணு நெளிந்தது. "தோட்டை வித்துட்டுப் போயிடலாம்னுதாண்ணே வந்தேன். மாமன் தோட்டை விலைக்கு வாங்கினா குலத்துக்கு ஆகாதுன்னு பத்தர் அடிச்சுச் சொல்லிட்டாரு. கொண்டுவந்தவன்தான் மாமன்னு பிடிச்சு உக்கார வச்சுட்டாங்க. நீங்களும் வந்து சேரலை. எந்திரிக்கலாம்னா இதுங்க விட மாட்டேங்குது."

ஆறாவது குட்டிக்கும் குத்தியாயிற்று. குட்டி அழுதுகொண்டே பெருச்சாளியின் மீசையைப் பிடித்துக்கொண்டது.

வடிவின் மாமனார்தான் கேட்டது: "வாங்க சம்பந்தி. அவ்வளவு தூரத்துலருந்து வந்திருக்கீங்க. டிக்கெட் எவ்வளவு ஆச்சு?"

நல்லசிவம் நாலு நாளுக்குப் பிறகு காதை நிமிர்த்தியது.

"ஓசி," என்றது.

பந்தி வரிசையில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவர் கரண்டியோடு நின்றுவிட்டார். "கடல் தாண்டி ஓசியா?" என்றது மாமனார். சுற்றிலும் கூட்டம் கூடிற்று. நல்லசிவம் விளக்கிச் சொல்லச் சொல்ல எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். காதுகுத்துப் பக்கம் பத்தரையும் பெருச்சாளியையும் தவிர யாரும் இல்லை. விருந்து முடிவதற்குள் ஆறு பேர் பூநாரைத் திட்டத்தில் சேர்ந்துவிட்டார்கள். ஆள் சேர்த்துவிட்டால் தலைக்குப் பத்து இறகு. அறுபது இறகு ஒரே நாளில்! நல்லசிவத்துக்கு வாழ்க்கையில் அப்படி ஒரு நாள் வந்ததில்லை.

சாப்பிட்டவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். பத்தர் தட்சணை வாங்கிக்கொண்டு போனது. அய்யாக்கண்ணு ஆறு குட்டிக்கும் முத்தம் கொடுத்துவிட்டு வெங்காயச் சந்தைக்குப் போனது. பந்தலில் நல்லசிவமும் வடிவும் குட்டிகளும் மட்டும் மிச்சம்.

"எப்ப திரும்பிப் போறே?" என்று கேட்டது வடிவு.

"டிக்கெட் வர்றதுக்கு மட்டும்தான் தங்கச்சி. திரும்பிப் போக இன்னும் நானூத்தி நாப்பது இறகு சேரணும்."

"அதுவரைக்கும்?"

"உன் வீடு இருக்கே."

குட்டிகளில் ஒன்று அம்மாவை இடித்து, "யாரும்மா இவரு?" என்று கேட்டது.

"ஓசியில வந்தவரு," என்றது வடிவு. ஆறையும் கூட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டது.

நீதி: ஓசியில் பயணம் போக ஆசைப்படுகிறவர்கள் முதலில் நாலு காசு சம்பாதித்து வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவு வசதி இல்லாதவர்கள் பேசாமல் காசு கொடுத்தே போய்விடலாம்.